ஆய்வுக் கட்டுரையில் ஏற்கெனவே வெளியான எழுத்துகளோடு ஒப்புமை 22% வந்தால் ஜர்னல் நிராகரித்துவிடுமா?

கிண்டியில் ஆய்வு செய்யும் மாணவரின் கேள்வி இது. சதவீதத்தை மட்டும் வைத்து நல்ல ஜர்னல்கள் பொதுவாக முடிவெடுக்காது. கட்டுரை வந்ததும் ஐதென்டிகேட் போன்ற, நகல் கண்டுபிடிக்கும் மென்பொருளில் ஓட்டுவார்கள். பிறகு ஆசிரியர் குழுவில் ஒருவர் அறிக்கையைத் திறந்து, ஒத்துப்போகும் வரிகளைக் காட்டும் நிறம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். அந்த 22% நாற்பது இடங்களிலிருந்து துளித்துளியாகச் சேர்ந்தது என்றால் பெரும்பாலும் கவலையில்லை. ஒரே கட்டுரையிலிருந்து 9%, அதுவும் முடிவுகள் பகுதியில் என்றால் சிக்கல்தான். ‘மாதிரிகள் 60 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தப்பட்டன’ போன்ற செய்முறை வரியை வேறு எப்படித்தான் எழுதுவது? அதைப் பெரிதுபடுத்த மாட்டார்கள்.

சிறு நகல் என்றால் திருத்தச் சொல்வார்கள். பெரிதென்றால், வெளியீட்டு நெறிமுறைகளுக்கான கோப் (COPE) அமைப்பின் வழிமுறைப்படி முதலில் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதற்குப் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். விளக்கம் வராவிட்டால் உங்கள் நிறுவனத்துக்கே எழுதுவார்கள்.

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையில் 10% ஒப்புமை வரை தண்டனையில்லை என்பது பல்கலைக்கழகங்களுக்கானது, ஜர்னலைக் கட்டுப்படுத்தாது. மேற்கோள் பட்டியலை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஒரு பத்தி முழுக்க நிறமாக நின்றால், சொல்லுக்குச் சொல் மாற்றாமல், மூலத்தை மூடிவைத்துவிட்டுப் புரிந்ததை எழுதி, மேற்கோளும் கொடுங்கள்.