அரிசி போல் நெளியும் புழுவுக்கு பைபரசின் கேட்காது

கேள்வி: பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பை ஒட்டி எங்கள் வீடு. பெட்டை, சேவல், குஞ்சு எல்லாம் சேர்த்து இருபது நாட்டுக்கோழி இருக்கின்றன. தீனி நன்றாகத்தான் எடுக்கின்றன, ஆனால் உடம்பு தேறவில்லை, முட்டையும் குறைந்துவிட்டது. எச்சத்தில் அரிசி மாதிரி வெள்ளையாக ஏதோ நெளிகிறது. பைபரசின் வாங்கித் தண்ணீரில் கலந்து இரண்டு முறை கொடுத்தும் நிற்கவில்லை. என்ன செய்வது டாக்டர்?

பதில்: எச்சத்தை உற்றுப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் அம்மா, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. அந்த அரிசி, நாடாப்புழுவின் உடலிலிருந்து கழன்று விழும் கணுக்கள். பைபரசின் உருண்டைப்புழுவுக்கான மருந்து. சேமியா போல் நீளமாக, வெள்ளையாக வருமே, அதை மயக்கி வெளியே தள்ளும். நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. எத்தனை முறை கொடுத்தாலும் இதே கதைதான்.

உங்களுக்கு வேண்டியது அல்பெண்டசோல். நாடாப்புழுவுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 20 மில்லிகிராம் அளவு. ஆட்டுக்குக் கொடுக்கும் 2.5 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம் இருக்கும். அப்படியானால் ஒன்றரை கிலோ பெட்டைக்கு 1.2 மில்லி. புட்டியில் சதவீதம் வேறாக இருந்தால் கணக்கும் மாறும், பார்த்து வாங்குங்கள். கால்நடை மருத்துவர் நிக்ளோசமைடு அல்லது பிராசிகுவாண்டல் எழுதிக் கொடுத்தால் அதுவும் நல்லதே.

தண்ணீரில் மட்டும் கலக்காதீர்கள். அல்பெண்டசோல் அடியில் தங்கிவிடும். முந்திக்கொள்ளும் சேவல் அதிகம் குடிக்கும், நோஞ்சான் குஞ்சுக்குத் துளியும் கிடைக்காது. விடியற்காலையில், தீனி போடுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சை அலகின் ஓரமாக வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நாக்கின் பின்புறம், அது தொடங்கும் இடத்தில் மூச்சுக்குழல் வாய் இருக்கிறது, வேகமாக ஊற்றினால் மருந்து அதற்குள் போய்விடும். கையில் பிடித்திருக்கும்போதே நெஞ்செலும்பையும் தடவிப் பாருங்கள். கத்தி விளிம்பு போல் தட்டுப்பட்டால் அந்தக் கோழிக்குத் தனிக் கவனிப்பு தேவை. 15 நாள் கழித்து இன்னொரு முறை கொடுத்துவிடுங்கள். மருத்துவர் சொல்லும் நாள் வரை முட்டையையும் கறியையும் சாப்பிட வேண்டாம், அடைக்கும் வைக்க வேண்டாம்.

வேப்பிலை, பூண்டு, சீரகம் அரைத்துக் கொடுப்பவர்கள் நம் பக்கம் நிறைய. இடையிடையே கொடுங்கள், தடையில்லை. ஆனால் இப்போதிருக்கும் நிலைக்கு அதை மட்டும் நம்புவது சரியில்லை.

சரி, மருந்து கொடுத்தாயிற்று. மறுபடி ஏன் வருகிறது? கோழி எச்சத்திலுள்ள நாடாப்புழு முட்டையை எறும்பும் வண்டும் தின்னும். அந்த எறும்பையும் வண்டையும் கோழி கொத்தும். மேய்ச்சலில் இதை முழுதாகத் தடுக்க முடியாது, குறைக்கலாம். எருக்குழியைக் கூண்டிலிருந்து தள்ளிப் போடுங்கள். கூண்டுக்குள் எச்சத்தை அன்றாடம் வாரி எருக்குழியில் போட்டு மண் மூடுங்கள். தரையில் சுண்ணாம்பு தூவி நன்றாகக் காய விடுங்கள். உருண்டைப்புழுவின் முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வெயில்தான் அதற்கு எதிரி. குஞ்சுகளைப் பெரிய கோழியோடு ஒரே கூண்டில் அடைக்காதீர்கள். பெரியது தாங்கிக்கொள்ளும், குஞ்சு தாங்காது.

நம் மாவட்டத்துக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதனால் புழு மருந்தைச் செப்டம்பர் கடைசியில் ஒரு முறை, மழை விட்டு பொங்கல் முடிந்ததும் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் வரும். புழு நீங்கிய கோழிக்குத்தான் ஊசி நன்றாகப் பிடிக்கும். இடையில் இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறையும், குஞ்சுக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் முறையும் கொடுக்க வேண்டும். அந்த வேளைகளில் உருண்டைப்புழுவுக்கு உங்கள் பைபரசின் போதும், வீணாகாது.

ஒரு எச்சரிக்கை. பச்சையாகக் கழிந்து, கழுத்து திருகி, இரண்டு மூன்று நாளில் மடிந்தால் அது புழு வேலையில்லை, வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் அதே கோழிக்கழிச்சல்தான். எச்சத்தில் ரத்தம் கண்டாலும் வேறு நோயாக இருக்கலாம். காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

இரண்டாம் தவணைக்குப் பிறகும் அரிசி வந்தால், அன்றைய எச்சத்தை மூடியுள்ள டப்பாவில் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். புதுச்சேரி பக்கம் இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ்காந்தி கால்நடைக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.