பழைய கிறிஸ்துமஸ் மரத்தைத் தூக்கிப் போட வேண்டுமா?

கேள்வி: பெரம்பூரில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். எங்களிடம் ஐந்தடி உயர பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் ஒன்று பல வருடங்களாக இருக்கிறது. நடுக்கம்பம் வெளியே தெரியும் அளவுக்குக் கிளைகள் ஒட்டிப்போய்விட்டன. ஜிகினா மாலை, பல வண்ணப் பந்துகள், எரிந்து அணையும் சீரியல் விளக்கு, இவற்றைத்தான் ஒவ்வொரு டிசம்பரிலும் சுற்றுகிறோம். கல்லூரியில் படிக்கும் மகள், ரிப்பன் முடிச்சு வைத்த மரம், ஒரே நிறச் சாயலில் அலங்கரித்த மரம் என்று கைப்பேசியில் படம் படமாகக் காட்டி, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறாள். மாமியாரோ, பாளையங்கோட்டையிலிருந்து தான் கொண்டுவந்த கண்ணாடிப் பந்துகளும் உச்சி நட்சத்திரமும் இல்லாமல் மரம் வைக்கக் கூடாது என்கிறார். பண்டிகைக்குக் கொழுந்தனாரின் இரண்டு வயது மகன் வருவான். ஒதுக்க முடிந்தது 3,000 ரூபாய். புது மரம் வாங்கலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம், மரத்தை மாற்றாதீர்கள். உங்கள் மகள் காட்டும் படங்களில் இருக்கும் அழகு பெரும்பாலும் மரத்தின் விலையால் வந்ததல்ல. கிளைகளைப் பொறுமையாக விரித்ததாலும், விளக்கை உள்ளிருந்து போட்டதாலும், பொருந்தாத நிறங்களை ஒதுக்கியதாலும் வந்தது. உங்கள் தொகையில் பாதியை விளக்குக்கும், மீதியில் பெரும்பகுதியை ரிப்பனுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரின் கண்ணாடிப் பந்துகள் கட்டாயம் மரத்தில் இருக்க வேண்டும். பழைய காலத்துப் பொருள்களை மரத்தில் காட்டுவதுதான் இப்போதைய பாணியும் கூட. அந்த வகையில் உங்கள் வீட்டில் இருவர் சொல்வதும் சரி.

முதல் வேலை கிளைகளை விரிப்பது. அலங்காரம் எடுபடாமல் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் இந்த வேலையைத்தான் அவசரமாக முடித்திருப்பார்கள். ஒவ்வொரு கிளையிலும் சின்னச் சின்ன நுனிகள் பல இருக்கும். பெட்டிக்குள் இருந்ததால் எல்லாம் ஒரே திசையில் மடங்கியிருக்கும். கம்பத்தை ஒட்டிய உள் நுனியில் தொடங்கி, ஒன்றை மேலே, ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம் என்று வளைத்தபடி வெளியே வாருங்கள். கடைசி நுனி சற்றே மேல்நோக்கி இருக்கட்டும். அடித்தட்டை முழுதாக முடித்த பிறகே அடுத்த தட்டைப் பொருத்துங்கள். ஐந்தடி மரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். கம்பி கையைக் கீறும், முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகும் கம்பம் தெரிந்தால், பச்சை நிற பிளாஸ்டிக் இலை மாலை ஒன்றைக் கம்பத்தை ஒட்டி மேலிருந்து கீழாகச் சுற்றிவிடுங்கள். இந்த ஒன்றிலேயே மரம் இரண்டு மடங்கு அடர்த்தியாகத் தெரியும்.

அடுத்தது விளக்கு. மர உயரத்தில் ஓர் அடிக்கு நூறு குட்டி விளக்குகள் என்பது அலங்கார வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் மரத்துக்கு ஐந்நூறு. அதிகம் என்று தோன்றும். எல்இடி என்பதால் ஐந்து சரங்கள் சேர்ந்தாலும் ஒரு சாதாரண மின்விசிறி எடுக்கும் மின்சாரத்தைவிடக் குறைவாகத்தான் ஆகும். விளக்கை மரத்தின் மேல் பூச்சரம்போல் சுற்றாதீர்கள். அடியில் தொடங்கி, கம்பத்தை ஒட்டி ஒரு கிளைக்குள் நுழைந்து, அதன் நுனிவரை போய், அதே கிளை வழியாகக் கம்பத்துக்குத் திரும்பி, அடுத்த கிளைக்குப் போங்கள். வெளிச்சம் உள்ளேயிருந்து வரும்போதுதான் மரத்துக்கு ஆழம் கிடைக்கும். பழைய முறையில் சுற்றிய மரம் தட்டையாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

இளமஞ்சள் வெளிச்சம் தரும் சரமாகப் பாருங்கள். பெட்டியில் வார்ம் ஒயிட் என்றோ, 2700 முதல் 3000 கெல்வின் என்றோ போட்டிருக்கும். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் சிவப்பையும் தங்க நிறத்தையும் சாகடித்துவிடும். எரிந்து அணையும் அமைப்பை நிறுத்தி, நிலையாக எரியும்படி வையுங்கள். பல வண்ண விளக்குகள் பழையவை என்று மகள் சொன்னால், அவையும் இப்போது திரும்பி வருகின்றன என்று சொல்லுங்கள். 1882இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் முதன்முதலாக மின்விளக்கு பொருத்திய கிறிஸ்துமஸ் மரத்தில் இருந்தவையே சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 வண்ண பல்புகள்தாம். வண்ண விளக்கு போடுவதானால் மற்ற அலங்காரத்தை அடக்கி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கும்போது அடாப்டருடன் வரும் குறைந்த வோல்ட்டேஜ் சரமாகக் கேளுங்கள். நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகும் மெல்லிய ஒயர் சரங்களைக் குழந்தை வரும் வீட்டில் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தேடலாம். கடையிலேயே எரியவைத்துப் பார்த்து, ஒயரை வளைத்துப் பார்த்து வாங்குங்கள். தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். பனி மாதிரி இருக்கட்டும் என்று கிளைகளில் பஞ்சு வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பஞ்சு எளிதில் தீப்பிடிக்கும். அதை அறவே விட்டுவிடுங்கள்.

இனி நிறம். ஜிகினா மாலைக்கு இந்த வருடம் ஓய்வு கொடுங்கள். அது விளக்கின் வெளிச்சத்தையெல்லாம் தன் பக்கம் இழுத்து, மற்ற பொருள்களை மறைத்துவிடுகிறது. இரண்டு மூன்று வருடங்களாக அதிகம் பார்க்க முடிவது அடர்சிவப்பு, அடர்பச்சை, மங்கிய தங்கம் என்ற சேர்க்கை. கூடவே வெல்வெட் முடிச்சுகள். நம் பட்டுப்புடவைக் கடையில் கேட்பதுபோல் சொன்னால் அரக்கு, பாட்டில் பச்சை, பழஞ்சரிகை. அரக்கும் சந்தன நிறமும் சேர்ந்தால் இன்னும் அமைதியாக இருக்கும். மயில்கழுத்து நிறத்தைப் பழஞ்சரிகையோடு சேர்த்தாலும் அருமையாக வரும், ஆனால் அதற்குச் சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும். மூன்று நிறங்களுக்கு மேல் போகாதீர்கள். உங்களிடம் இருக்கும் பல வண்ணப் பந்துகளில் இந்த மூன்றோடு சேர்பவற்றை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் குவித்து வையுங்கள்.

ரிப்பனை மரத்தைச் சுற்றிக் கட்டுவது போய், உச்சியிலிருந்து கீழே வழிய விடுவது வந்திருக்கிறது. இரண்டரை அங்குல அகலமும், ஓரத்தில் மெல்லிய கம்பியும் உள்ள ரிப்பன் வேண்டும். அதை ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையை உச்சிக்கருகே கிளைக்குள் ஆழமாகச் செருகி, கிளை நுனியையே அதன்மேல் முறுக்கிப் பிடிக்க வையுங்கள். ஒரு சாண் நீளம் வெளியே உப்பலாக நிற்கட்டும். பிறகு சற்று இடப்பக்கம் தள்ளி மீண்டும் உள்ளே செருகுங்கள். அடுத்தது வலப்பக்கம். துண்டு முடிந்த இடத்தில் அடுத்த துண்டு தொடங்கினால் ஒரே ரிப்பன் வழிவதுபோலத் தெரியும். இப்படி நாலைந்து வரிசை போதும், பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

அவ்வளவு ரிப்பனை வாங்காமலேயே சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. ஐந்தரை மீட்டர் புடவையின் இரண்டு கரையையும் பிரித்தால் பதினோரு மீட்டர் கிடைக்கும். உடுத்த முடியாமல் மடிப்பில் கிழிந்துபோன பட்டுப்புடவை உங்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும். கரையின் வெளி ஓரம் நெய்த ஓரம் என்பதால் பிரியாது. வெட்டிய பக்கத்தை மட்டும் கால் அங்குலம் மடித்து, மடிப்புக்குள் பூக்கட்டும் மெல்லிய கம்பியை வைத்துத் தைத்துவிடுங்கள். சரிகைக் கரையின் மேல் இளமஞ்சள் விளக்கு படும்போது வரும் மினுக்கத்தைக் கடை ரிப்பன் எதுவும் தராது. புடவை இல்லையென்றால் பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் சுருளாக விற்கும் ரிப்பனும் கரையும் பாருங்கள்.

கம்பி வைக்கச் சொல்வதற்குச் சென்னையில் தனிக் காரணம் உண்டு. டிசம்பரிலும் நம் கூடத்தில் மின்விசிறி ஓடும். கம்பி இல்லாத ரிப்பன் ஒரே இரவில் தொங்கிப்போய்விடும். மரத்தையும் விசிறிக்கு நேர் கீழே வைக்காமல், சாரல் அடிக்கும் பால்கனிக் கதவிலிருந்தும் விலக்கி, உள்சுவர் மூலை ஒன்றில் வையுங்கள். மூலையில் வைத்தால் பின்பக்கம் அலங்கரிக்க வேண்டியதில்லை. அந்த அலங்காரமெல்லாம் முன்னால் வந்துவிடும்.

பந்துகளைக் கடைசியில் மாட்டுங்கள். பெரியவை கம்பத்துக்கு அருகே உள்ளே, நடுத்தரமானவை கிளையின் பாதியில், சிறியவை நுனியில். வெவ்வேறு அளவில் மூன்றைச் சேர்த்துக் கொத்தாகக் கட்டினால் பந்துகள் குறைவாக இருப்பது தெரியாது.

உங்கள் மாமியாரின் கண்ணாடிப் பந்துகளைப் பற்றி இரண்டு வார்த்தை. கண்ணாடியை ஊதிக் கிறிஸ்துமஸ் மரத்துக்கான உருண்டைகள் செய்யும் தொழில் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லௌஷா ஊரில் வளர்ந்தது. அங்கிருந்துதான் உலகமெங்கும் போனது. இப்படிப்பட்ட பந்துகளில் பளபளப்பு கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளிப் பூச்சிலும், நிறம் வெளிப்புறச் சாயத்திலும் இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் சாயம் உரிந்து வரும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். கொக்கியில் மாட்டாமல் மெல்லிய ரிப்பனால் கிளையோடு கட்டி, கண் மட்டத்தில், உறுதியான கிளைகளில், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விளக்கு வரும்படி அமையுங்கள். மரத்தைப் பார்க்கும் எவருடைய கண்ணும் முதலில் அங்கேதான் போக வேண்டும். உச்சியில் அவருடைய நட்சத்திரம். அதோடு போட்டி போடும்படி பெரிய முடிச்சு எதையும் மேலே வைக்காதீர்கள்.

இயற்கைப் பொருள்களால் அலங்கரிக்கும் பாணியும் இப்போது பரவியிருக்கிறது. அதில் காயவைத்த ஆரஞ்சு வில்லைகளை மட்டும் நம் ஊருக்குத் தவிர்க்கச் சொல்வேன். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்து, எறும்பையும் பூஞ்சணத்தையும் கூட்டிவந்துவிடும். பட்டை, அன்னாசிப்பூ, சவுக்குக் காய், சிறு வெட்டிவேர்க் கட்டு ஆகியவை நன்றாகத் தாங்கும். வெட்டிவேருக்கு அந்த ஈரக்காற்றில் வாசனை கூடத்தான் செய்யும். பனையோலை நட்சத்திரங்களை நான் மிகவும் விரும்பிப் பரிந்துரைக்கிறேன். தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டுப் பெண்கள் ஓலையில் நுட்பமாக வேலை செய்கிறார்கள். குருத்தோலை ஞாயிறன்று சிலுவை மடித்துப் பழகிய கைக்கு நட்சத்திரம் மடிப்பது கடினமல்ல. பச்சை ஓலையில் செய்தால் சுருண்டுவிடும், காய்ந்து வெளுத்த ஓலையை நீரில் நனைத்து மடியுங்கள். மாமியாரும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது.

வெள்ளைப் பொடி ஒட்டிய பனிமரம் வேண்டும் என்று மகள் கேட்டால் மறுத்துவிடுங்கள். நாளடைவில் பொடி உதிர்ந்து விசிறிக் காற்றில் வீடெங்கும் பரவும்.

இரண்டு வயதுக் குழந்தைக்காக, தரையிலிருந்து இரண்டடி உயரம்வரை துணிப் பந்து, சன்னப்பட்டணத்து மர பொம்மை, ஓலை நட்சத்திரம் மட்டும் இருக்கட்டும். அவன் இழுப்பான், இழுக்கட்டும். சிறுமணிகளையும் வாயில் போடக்கூடிய சின்னக் காய்களையும் மேலே மாற்றிவிடுங்கள். பட்டன் பேட்டரியில் எரியும் விளக்குகள் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். அதை விழுங்கினால் குழந்தையின் உணவுக்குழாய் வெந்துவிடும். மரத்தின் நடுக்கம்பத்தை நைலான் நரம்பால் ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள். தாங்கியை மறைக்க ஒரு பிரம்புக் கூடை அல்லது பத்தமடைப் பாயைச் சுற்றிவைத்து, அதன்முன் குடிலை அமைக்கலாம்.

கேரல் பவனி உங்கள் தெருவுக்கு வரும் தேதியைச் சபையில் கேட்டுக்கொண்டு, அதற்கு முந்தைய ஞாயிறு மாலைக்குள் வேலையை முடியுங்கள். ஒரு நாள் கிளையும் விளக்கும், மறுநாள் ரிப்பனும் பந்தும் என்று பிரித்துக்கொண்டால் களைப்பு தெரியாது. 24ஆம் தேதி காலையில் நான்கைந்து சவுக்குக் கொழுந்து கிடைத்தால், விளக்குச் சரத்தில் படாமல் கிளைகளுக்கிடையே செருகுங்கள். அந்தக் காலத்தில் சவுக்குக் கிளையையே வாளி மணலில் நட்டு மரமாக்கிய வீடுகளின் வாசனை உங்கள் கூடத்திலும் வரும். காயத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகு மரத்தைப் பிரிக்கும்போது கண்ணாடிப் பந்துகளை முட்டை அட்டையில் அடுக்குங்கள். வெல்வெட்டையும் பட்டுக் கரையையும் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். விளக்குச் சரங்களைத் தனித்தனி அட்டையில் சுற்றி, எந்தச் சரத்துக்கு எந்த அடாப்டர் என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.