மிட்-சென்சுரி வீட்டு முன்வாசலுக்கு அலங்காரத் தூண் பொருந்துமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் 1950களில் கட்டிய மிட்-சென்சுரி மாடர்ன் (இருபதாம் நூற்றாண்டு நடுப்பகுதியின் எளிய நவீன பாணி) வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். முன்வாசல் கூரையை ஒல்லியான ஒரு மரத்தூண் மட்டும் தாங்குகிறது. பார்க்க மொட்டையாக இருக்கிறது. அலங்காரத் தூண் வைத்தால் நன்றாக இருக்குமா? எந்த மாதிரி வைக்கலாம்?

வைக்கலாம். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால், இப்போது நிற்கிற தூணின் அடியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நாங்கள் இதைச் செய்யாமலே நாலு வருஷம் குடியிருந்தோம்.

எங்கள் வீடும் கலிஃபோர்னியாவில்தான், சன்னிவேலில் இருக்கிறது. 1950களின் கடைசியில் கட்டியது. இந்தப் பக்கம் 'ஐக்லர் வீடு' என்பார்கள். ஜோசப் ஐக்லர் கட்டடக் கலைஞர் அல்ல. மனைவி வீட்டாரின் வெண்ணெய், முட்டை மொத்த வியாபாரத்தில் இருந்தவர். இடையில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த ஒரு வீட்டில் வாடகைக்குக் குடியிருந்திருக்கிறார். அந்த ருசி அவரை விடவில்லை. பிறகு நல்ல கட்டடக் கலைஞர்களை வேலைக்கு வைத்து, நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் கலிஃபோர்னியாவில் சுமார் 11,000 வீடுகளைக் கட்டி விற்றார். நீங்கள் வாங்கியிருப்பதும் அவருடையதாகவோ அந்தச் சாயலில் இன்னொருவர் கட்டியதாகவோ இருக்கலாம்.

நாங்கள் வாங்கியபோது முன்வாசலில் இரண்டு பெரிய வெள்ளைத் தூண்கள் இருந்தன. உருண்டை, மேலிருந்து கீழ்வரை வரிவரியாகப் பள்ளம், தலையில் ஒரு சுருள். கிரேக்கக் கோயில் தூண் மாதிரி. உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது அது பிடித்திருந்தது. நம்மூர் கல்யாண மண்டப வாசல் மாதிரி ஒரு களை. தட்டையான கூரைக்குக் கீழே அது தொப்பியில்லாத போலீஸ்காரர் மாதிரி நிற்கிறது என்று என் கணவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் என் மாமனார் ஆறு மாதம் தங்க வந்தார். பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த மூன்றாம் நாள் காலையில், காபி டம்ளரோடு வெளியே போனவர் சாவிக்கொத்தால் ஒரு தூணைத் தட்டினார். டொக் டொக் என்று கேட்கவில்லை. பொத் பொத் என்று கேட்டது.

"என்னம்மா இது, தெர்மாகோலா?"

"தெரியலையே மாமா. வாங்கும்போதே இருந்தது."

"அப்போ கூரையை எது தாங்குது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வாரக் கடைசியில் ரம்பத்தால் ஒரு பக்கத்தைக் கிழித்தோம். அது மேலே சாந்து மாதிரி பூசிய நுரைக் கூடுதான். இரண்டு பாதியாகச் செய்து, உள்ளே இருந்த அசல் தூணைச் சுற்றி ஒட்டியிருந்தார்கள். அந்த அசல் தூண், நாலுக்கு நாலு என்று கடையில் சொல்லும் கட்டை. அளந்தால் சுமார் மூன்றரை அங்குலம்தான் வரும். மேலே எல்லாம் நன்றாக இருந்தது. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஊறிய ரஸ்க் மாதிரி விரலுக்கே உதிர்ந்தது. கூட்டுக்குள் இறங்கிய மழைத்தண்ணீருக்கு வெளியேற வழியில்லை, காற்றும் படவில்லை. மரம் மக்குவதற்கு வேறென்ன வேண்டும்? அழகுக்காகப் போர்த்திய சட்டைதான் அந்தத் தூணைத் தின்றிருக்கிறது.

மாமா அடுத்துக் கேட்டது இன்னொன்று: "இவ்வளவு ஒல்லிக் குச்சியா கூரையைத் தாங்குது?" அவருடைய அப்பா வீட்டுத் திண்ணையில் கட்டிப்பிடித்தாலும் கைக்கு அடங்காத பர்மா தேக்குத் தூண்கள் இருந்தனவாம். அவருக்குப் பதில் சொல்வதற்காகப் படிக்கத் தொடங்கித்தான் இந்த வீடுகளைப் பற்றி எனக்கு ஏதாவது தெரிய வந்தது.

இந்த வீடுகளில் சுவர் கூரையைத் தாங்குவதில்லை. தூணும் உத்தரமும்தான் தாங்குகின்றன. குறிப்பிட்ட இடைவெளியில் தூண்களை நிறுத்தி, மேலே கனமான உத்தரங்களை ஓடவிட்டு, அவற்றின் மேல் ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு அங்குலப் பலகைகளைப் பரப்பிவிடுகிறார்கள். அந்தப் பலகையின் அடிப்பக்கமே உங்கள் உள்கூரை. ஓடும் இல்லை, பரணும் இல்லை, கூரை எடையும் குறைவு. அதனால் ஒல்லித் தூண் போதும். சுவருக்குத் தாங்கும் வேலை இல்லாததால் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைக்க முடிந்தது. அதுதான் இந்த வீடுகளின் உயிர். வெளியே தெரியும் உத்தரம் கண்ணாடியைத் தாண்டி அப்படியே உள்ளே ஓடுவதைப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்தபடி அந்தக் கோடு தோட்டம்வரை போவதைப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

நம் கோயில் தூணில் போதிகை என்று ஒன்று உண்டல்லவா, தூணின் தலையில் உத்தரத்தை ஏந்துகிற அந்தக் கை? நம் சிற்பிகள் மொத்தத் திறமையையும் அங்கே காட்டுவார்கள். இந்த வீட்டில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கட்டைமேல் கட்டை நேராக உட்கார்ந்திருக்கும். வேலை தெரியாமல் விட்டதல்ல. அந்தச் சந்திப்பு சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று விட்டது. அங்கே சுருளும் பூவும் வைத்தால் உத்தரத்தின் ஓட்டம் அறுந்துவிடும். எங்கள் வெள்ளைத் தூண்கள் ஏன் பொருந்தவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. குறை தூணின் அழகில் இல்லை. உத்தரத்தைவிடப் பருமனாக நின்று, எல்லாப் பார்வையையும் அது தன்மேல் இழுத்துக்கொண்டது.

'மாடர்ன் வீட்டில் அலங்காரமே கூடாது, எல்லாம் உண்மையாக எடை தாங்க வேண்டும்' என்று இந்த வகை வீடுகளின் தீவிர ரசிகர்கள் உங்களை மிரட்டுவார்கள். நம்பாதீர்கள். அந்தக் காலத்துப் பெரியவர்களே இந்த விரதத்தை ஒழுங்காகக் காக்கவில்லை. நியூயார்க்கில் 1958இல் முடிந்த சீகிராம் என்ற அலுவலகக் கோபுரத்தில், கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வெளிமுகம் முழுக்க ஆங்கில 'I' எழுத்து வடிவ வெண்கலச் சட்டங்களைக் கீழிருந்து மேல்வரை ஒட்டவைத்தார். கட்டடத்தை அவை தாங்கவில்லை. உண்மையான எஃகு, தீ விதிகளுக்காகக் கான்கிரீட்டுக்குள் மூடிக் கிடக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே காட்டுவதற்காக ஒட்டிய நகை அது. கலிஃபோர்னியாக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா, தான் வடிவமைத்த வீடுகள் பலவற்றில் உத்தரத்தைக் கூரை விளிம்புக்கு வெளியே நீட்டி, அங்கே தனியாக ஒரு ஒல்லித் தூணில் இறக்கினார். சிலந்திக்கால் என்று பெயர். வீடு தோட்டத்துக்குள் ஓரடி எடுத்து வைப்பது போல இருக்கும். கூரை நிற்பதற்கு அந்தக் கால் பெரும்பாலும் தேவையே இல்லை.

எடை தாங்குகிற தூணையே அழகாகச் செய்தவர்களும் உண்டு. இலினாய் மாநிலம் பிளேனோவில் 1951இல் முடிந்த ஃபார்ன்ஸ்வொர்த் வீடும் மீஸ் கட்டியதுதான். வீட்டைத் தாங்குவது எட்டே எஃகுத் தூண்கள். தரையும் கூரையும் தூணின்மேல் உட்காரவில்லை. தூணின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மிதப்பது போலத் தெரியும். வெல்டிங் தழும்பு எதுவும் தெரியாதபடி தேய்த்து வெள்ளை அடித்திருக்கிறார்கள். இண்டியானா மாநிலம் கொலம்பஸில் ஈரோ சாரினென் 1957இல் முடித்த மில்லர் வீட்டில் கூட்டல் குறி வடிவத்தில் 16 வெள்ளை எஃகுத் தூண்கள் தனித்தனியாக நிற்கும். பூ வேலை ஒன்றும் கிடையாது. அந்த வெட்டுமுகமே அலங்காரம். இந்தியாவிலேயே பார்க்க வேண்டுமென்றால் டெல்லியில் 1959இல் திறந்த அமெரிக்கத் தூதரகம் இருக்கிறது. எட்வர்ட் டுரெல் ஸ்டோன் வடிவமைத்தது. கூரையைச் சுற்றித் தங்க முலாம் பூசிய மெல்லிய தூண்கள். தங்கமே பூசியும் உறுத்தவில்லை, ஏனென்றால் அவை ஒல்லியாகவும் நேராகவும் இருக்கின்றன.

சரி, உங்கள் வாசலுக்கு வருவோம்.

என்னைக் கேட்டால், இருக்கும் தூணை அப்படியே விட்டு நிறத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். சுவர் ஒரு நிறம், தூணும் உத்தரமும் சேர்ந்து வேறொரு அழுத்தமான நிறம். நாங்கள் கரும்பழுப்பு அடித்தோம். மொட்டையாகத் தெரிந்தது திடீரென்று கோடு போட்டு வரைந்த மாதிரி ஆகிவிட்டது. அது போதாது என்றால் ஒற்றைத் தூணுக்குப் பதில் இரட்டைத் தூண் வைக்கலாம். இரண்டு ஒல்லிக் கட்டைகள், நடுவில் விரலிடை சந்து, அங்கங்கே சின்னச் சின்னக் கட்டைத் துண்டுகள். அந்தக் காலத்து வீடுகளிலேயே இது உண்டு. தூணுக்கும் சுவருக்கும் நடுவே செங்குத்துப் பட்டைகள் நிறுத்தி ஒரு தடுப்பு செய்தால் வெயிலில் நிழல் விழுந்து நன்றாக இருக்கும். துளைபோட்ட கான்கிரீட் பிளாக்குகளை அடுக்குவதும் அந்தக் காலத்து வழிதான். ஆனால் கனம் அதிகம், அடியில் தனி அஸ்திவாரம் வேண்டும். மூன்றங்குல எஃகுக் குழாய்க்குக் கறுப்பு அடித்து நிறுத்தினாலும் பொருந்தும்.

திராட்சைக்கொடி, இலை, சுருள் எல்லாம் வைத்த இரும்புத் தூண்களை அக்கம்பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். அவை 1950களில் சாதாரண ராஞ்ச் வீடுகளின் (நீளவாக்கில் தாழ்வாகக் கட்டிய ஒரு மாடி வீடுகள்) வாசலில் ஏராளமாக வந்தவை. காலத்தால் சரி, குணத்தால் வேறு. உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் பிடுங்கிப் போடாதீர்கள், அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. புதிதாக வாங்குவதென்றால் வேண்டாம் என்பேன். எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒன்று நினைவிருக்கட்டும்: பூவேலையாகத் தெரிந்தாலும் பல வீடுகளில் அந்த இரும்புதான் கூரையைத் தாங்குகிறது.

செலவைவிட எங்களுக்குப் பயம் தந்த விஷயம் தரை. ஐக்லர் வீடுகளில் சூடேற்றும் வெந்நீர்க் குழாய்கள் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே ஓடுகின்றன. தூணின் கால் பட்டையை இறுக்க டிரில் போட்டு அந்தக் குழாயில் ஒரு ஓட்டை விழுந்தால், தூண் செலவு சில்லறையாகிவிடும். முதலில் வந்த கான்ட்ராக்டர் எதையும் கேட்காமல் டிரில்லை எடுத்தார். மாமா குறுக்கே போய் நின்றுகொண்டார். அவருக்கு ஆங்கிலம் தடுமாறும், ஆனால் "நோ டிரில்" என்பது தெளிவாகவே வந்தது. பிறகு வேறொருவர், சூடேற்றியை ஓடவிட்டு வெப்பக் கேமராவில் குழாய் போகும் வழியைப் பார்த்துச் சாக்பீஸால் கோடு போட்ட பிறகுதான் வேலை தொடங்கியது.

வேலை என்னவோ ஒரே நாள்தான். உத்தரத்துக்குத் தூணின் இரண்டு பக்கமும் ஜாக்கி போஸ்ட் (உயரம் கூட்டிக் குறைக்கிற இரும்பு முட்டு) வைத்து முட்டுக்கொடுத்து, பழைய கட்டையை எடுத்து, அதே அளவில் டக்ளஸ் ஃபர் என்ற மரத்தில் புதுக் கட்டையை நிறுத்தினார்கள். அடியில் நாகமுலாம் பூசிய இரும்புக் கால். மரத்தைக் கான்கிரீட்டிலிருந்து ஓர் அங்குலமாவது தூக்கிப் பிடிக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள், தண்ணீர் தேங்காது. மேலேயும் உத்தரத்தோடு பட்டையால் கட்டச் சொல்லுங்கள். தூண் கூரையைத் தாங்க மட்டும் இல்லை. பலத்த காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் கூரை மேலே கிளம்பாமல் பிடித்துவைப்பதும் அதுதான். தூணின் அடியில் பூச்செடிக்காக மண் குவித்திருந்தால் இன்றைக்கே அள்ளிவிடுங்கள். கரையானுக்கு அது வாசற்படி.

1978க்கு முன் அடித்த பெயின்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டுவதற்கு முன் சோதித்துவிடுங்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கட்டாயம். எடை தாங்கும் தூணை மாற்ற அனுமதி வேண்டுமா என்று நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். சன்னிவேல் போன்ற ஊர்களில் ஐக்லர் வீடுகளுக்கென்றே வடிவமைப்பு வழிகாட்டி இருக்கிறது. முன்முகத்தை மாற்றுவதென்றால் அதையும் ஒரு பார்வை பார்க்க வேண்டியிருக்கும்.

கிழிக்காத இன்னொரு வெள்ளைத் தூணை என்ன செய்தோம் என்றால், கூட்டைச் சேதமில்லாமல் கழற்றி, 'இலவசம்' என்று எழுதித் தெருவோரம் வைத்தோம். சாயங்காலத்துக்குள் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அதற்குள் இருந்த கட்டையும் அடியில் மக்கித்தான் இருந்தது, அதையும் மாற்றினோம்.

உங்கள் தூண் தரையைத் தொடும் இடத்தையும் உத்தரத்தைத் தொடும் இடத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். மாமா இப்போது ஊரில்தான் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டுச் சொல்கிறேன்.