தொடை கன்றிப்போகிறது, என் உடம்புவாகு சரியில்லையா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறேன். வயது 31, உயரம் 174 செ.மீ., எடை 56 கிலோ. ஏழு மாதமாகப் ‘போல் டான்ஸ்’ (செங்குத்தான கம்பத்தில் ஏறிச் செய்யும் நடனம்) வகுப்புக்குப் போகிறேன். ‘சூப்பர்மேன்’ என்ற பிடியைச் செய்யும்போது உள்தொடையில் உயிர் போகிற வலி. மறுநாள் கருநீலமாகிவிடுகிறது. கூட வரும் என் நாத்தனார் குள்ளம், பூசின உடம்பு. அவள் சிரித்துக்கொண்டே செய்கிறாள். ஒல்லியானவர்களுக்குத்தான் இது சுலபம் என்றார்களே டாக்டர்?

பதில்: அப்படிச் சொன்னவர்கள் கம்பத்தில் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள், அம்மா.

சூப்பர்மேனில் இரண்டு தொடைகளும் கம்பத்தைக் கவ்வ, ஒரு கை மட்டும் பிடிக்க, உடம்பு குப்புற நீண்டு நிற்கிறது. பாரத்தில் பெரும்பங்கு உள்தொடைத் தோலின் ஒரு கீற்றில் இறங்குகிறது. கம்பத்தின் குறுக்களவோ வழக்கமாக 45 மில்லிமீட்டர்தான். உங்கள் நாத்தனாருக்கு அங்கே இயற்கையான மெத்தை உண்டு. சதை அமுங்கிக் கம்பத்தைச் சுற்றிக்கொள்வதால் பாரம் பரவிவிடுகிறது. உங்களுக்கோ கம்பத்துக்கும் தொடை எலும்புக்கும் நடுவே மெல்லிய தசை மட்டும். உயரமும் கைகொடுக்காது. நிறைகுடத்தை இடுப்போடு அணைத்து வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியுமல்லவா? நீளமான உடம்பு கம்பத்தை விட்டு விலகி நீளும்போது அதே கதைதான்.

அதற்காக நாத்தனாரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். கம்பத்தில் தொடை இடுக்கி உட்காரும்போது சதை கிள்ளுவது அவருக்குத்தான் அதிகமாக இருக்கும். கையால் உடம்பைத் தூக்குவதிலும் எடை கூடினால் கஷ்டம்தான்.

சரி, காலையில் குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெயோ லோஷனோ தடவுகிறீர்களா? வழுக்கு மரத்தில் எண்ணெய் பூசுவது எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். தோல் வழுக்கினால் நீங்கள் தொடையை இன்னும் இறுக்குவீர்கள், இறுக்க இறுக்கக் கன்றல். டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில் வியர்வையும் இதையே செய்யும். வகுப்புள்ள நாளில் எதுவும் தடவாதீர்கள், கம்பத்தையும் தொடையையும் அடிக்கடி துடையுங்கள். முதலில் தரையோரமாக, சில நொடிகள் மட்டும் பிடித்துப் பழகுங்கள். தோல் மெல்ல மெல்லப் பழகிவிடும்.

அழுத்திய இடத்தில் வரும் கன்றல் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு வாரத்தில் மறைந்தால் கவலையில்லை. வலிக்குமே என்று வகுப்புக்கு முன்னால் டிஸ்பிரின் (ஆஸ்பிரின் மாத்திரை) போடாதீர்கள். அது ரத்தம் உறைவதைத் தடுக்கும், அதன் வேலை ஒரு வாரம்வரை நீடிக்கும், கன்றல் பெரிதாகும். கம்பம் படாத இடத்திலும் கன்றினாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, மாதவிடாய் அளவு மீறினாலோ ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எனக்கு அதிகம் பயம் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கும் பிடிகளில்தான். முழங்காலுக்கு வெளிப்பக்கம், தோலுக்குச் சற்றுக் கீழேயே ஒரு நரம்பு ஓடுகிறது. ஒல்லியானவர்களுக்கு அதைக் காக்கக் கொழுப்பு குறைவு. பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போனால் உடனே இறங்கிவிடுங்கள். குதிகாலால் நடந்து பாருங்கள். முன்பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், எந்த டாக்டரிடம் காலைக் காட்டினாலும் போல் டான்ஸ் பழகுவதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் கன்றலைப் பார்த்தால், வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்றுதான் நாங்கள் கேட்போம்.