டி அண்ட் டி ஆட்டத்தில் விசார்டுக்குச் சொந்தமாக மந்திரம் உருவாக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் ஐந்தாம் பதிப்பு டி அண்ட் டி-க்கு (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையில் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர். உங்கள் குழுவில் 5-ஆம் லெவல் விசார்ட் (மந்திரவாதி) ஆடும் நண்பர், எதிரியைப் பனியில் உறைய வைக்கும் மந்திரம் ஒன்று கேட்கிறார். மந்திரத்துக்கு என்ன லெவல் (இது ஆளின் லெவல் அல்ல, மந்திரத்தின் பலப் படி), எவ்வளவு டேமேஜ் (சேதம்) என்பது உங்கள் கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலிருந்துதான் எனக்கு இந்த வேலையே பிடிபட்டது.

ஆறு வருடமாக ஒரே குழுவுக்கு டிஎம்-ஆக இருக்கிறேன். எங்கள் விசார்டுக்காக நான் எழுதிய முதல் மந்திரத்தின் பெயர் 'நிழல் ஆணி'. எதிரியின் நிழலைத் தரையோடு சேர்த்து அறைந்துவிடும். எதிரி இருந்த இடத்தை விட்டு நகர முடியாது. 2-ஆம் லெவல், 120 அடி தூரம், சேவிங் த்ரோ (மந்திரத்திலிருந்து தப்பிக்க எதிரி உருட்டும் பகடை) கிடையாது, கான்சன்ட்ரேஷனும் (மந்திரம் நீடிக்க விசார்ட் கவனம் சிதறாமல் இருப்பது) கிடையாது. டேமேஜ் இல்லையே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரமே ட்ரோல் என்ற அரக்கன் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினேன். ட்ரோலுக்குக் கடியும் நகமும்தான், எறிய எதுவும் இல்லை. நிழலில் ஆணி இறங்கியது. எல்லோரும் தள்ளி நின்று அம்பு விட்டார்கள். அதன் 84 ஹிட் பாயின்டும் (உயிர்ப் புள்ளி) கரையும்வரை, பார்பேரியன் (கிட்டே போய் அடிக்கும் முரட்டு வீரர்) ஆடும் தோழி கோடரியோடு சும்மா நின்றாள். கிட்டே போனால்தான் அடி விழும், அதனால் போகாதே என்று மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள். வாரம் முழுக்க ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் விளையாட வந்தவள் அவள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்று இரவே அதே லெவலில் உள்ள மந்திரங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஹோல்டு பெர்சன் (ஆளை அசையவிடாமல் கட்டுவது) 2-ஆம் லெவல்தான். ஆனால் 60 அடி, மனிதர் போன்றவர்கள் மேல் மட்டும், விஸ்டம் சேவ் (மன உறுதியால் உருட்டும் சேவிங் த்ரோ), கான்சன்ட்ரேஷன், ஒவ்வொரு டர்னின் முடிவிலும் எதிரிக்கு மறுபடியும் ஒரு சேவ். வெப் (சிலந்தி வலை) மந்திரமும் 60 அடி, அதற்கும் கான்சன்ட்ரேஷன் வேண்டும். நான் இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டிருந்தேன். இதைத்தான் முதல் சோதனையாக இப்போதும் வைத்திருக்கிறேன்: என் மந்திரம் வந்தபிறகு, அதே லெவலில் உள்ள பழைய மந்திரத்தை யாராவது தேர்ந்தெடுப்பார்களா? மாட்டார்கள் என்றால் எங்கோ தப்பு இருக்கிறது.

சரி, அடுத்த வாரம் நிழல் ஆணியைத் திருத்தினேன். 60 அடி, விஸ்டம் சேவ், கான்சன்ட்ரேஷன். கூடவே ஒரு வரி சேர்த்தேன்: நிழல் விழ வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் அணைந்தால் ஆணி கழன்றுவிடும். அந்த ஒரு வரிதான் மந்திரத்துக்கு உயிர் கொடுத்தது. எதிரிகள் விளக்கை உடைக்கப் பாய்ந்தார்கள். ரோக் (திருடன் பாத்திரம்) லாந்தரைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக ஓடினான். பார்பேரியன் அந்த லாந்தருக்குக் காவல் நின்றாள். விசார்ட் போட்ட ஒரு மந்திரம் நான்கு பேருக்கும் வேலை கொடுத்தது. கட்டுப்பாடு என்பது பலத்தைக் குறைப்பதற்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். மேசையில் உள்ள மற்றவர்கள் கைவைக்க முடிகிற இடமும் அதுதான் என்று அன்றுதான் புரிந்தது.

ஆட்டத்தில் ஏற்கெனவே உள்ள நல்ல மந்திரங்களிலும் இதைப் பார்க்கலாம். நாக் மந்திரம் பூட்டைத் திறந்துவிடும், ஆனால் அந்தச் சத்தம் 300 அடிக்குக் கேட்கும். அதனால்தான் சத்தமில்லாமல் திறக்கும் ரோக்குக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. டென்சரின் மிதக்கும் தட்டு 500 பவுண்டு சுமக்கும், ஆனால் பத்தடிப் பள்ளம் வந்தால் தாண்டாது. அப்புறம், டென்சர் என்ற பெயரே ஆட்டத்தை உருவாக்கிய கேரி கைகாக்ஸின் மகன் எர்னஸ்டின் பெயரில் உள்ள எழுத்துகளை மாற்றிப்போட்டது. இன்று அச்சில் இருக்கும் மந்திரங்களில் சில அப்படி ஒரு வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. உங்கள் நண்பரின் விசார்ட் பெயரையும் மந்திரத்துக்கு வையுங்கள், தயங்கவே வேண்டாம்.

எழுத உட்காரும் முன் அது ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பாருங்கள். சின்ன வயதில் கேட்ட கதையை நினைத்து ஒருவர் என்னிடம் கூடு விட்டுக் கூடு பாயும் மந்திரம் கேட்டார். மேஜிக் ஜார் என்று 6-ஆம் லெவலில் அது இருக்கிறது. உயிரை வைக்க 500 தங்கக் காசு மதிப்புள்ள பாத்திரமோ ரத்தினமோ வேண்டும்.

டேமேஜ் கணக்குக்கு 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் ஒரு அட்டவணை உண்டு. ஒரே எதிரி என்றால் 1-ஆம் லெவலுக்கு 2டி10 (இரண்டு பத்துமுகப் பகடை), 2-க்கு 3டி10, 3-க்கு 5டி10. பலர் மேல் விழுந்தால் முறையே 2டி6, 4டி6, 6டி6. ஃபயர்பால் (பலர் மேல் விழும் நெருப்புப் பந்து) மந்திரத்தை மட்டும் அளவுகோலாக எடுக்காதீர்கள். 3-ஆம் லெவலில் அது 8டி6, சராசரி 28. அட்டவணைப்படி 21தான் வர வேண்டும். அதோடு ஒப்பிட்டு எழுதினால் உங்கள் மந்திரங்கள் எல்லாமே வீங்கிப்போகும். குணப்படுத்தும் மந்திரத்தை விசார்டுக்குக் கொடுக்காதீர்கள், அது கிளெரிக் (பூசாரி பாத்திரம்) ஆடுபவரின் இடம்.

இப்போது உங்கள் பனி. முழுதாக உறைந்து அசையாமல் போவது என்றால் அது பேரலைஸ்டு நிலை. ஹோல்டு பெர்சன் 2-ஆம் லெவல். மனிதர் போன்றவர்கள் அல்லாத ஜந்துக்களையும் கட்டலாம் என்று கதவைத் திறந்த ஹோல்டு மான்ஸ்டர் 5-ஆம் லெவல். அந்த வித்தியாசத்துக்கு மூன்று லெவல் விலை வைத்திருக்கிறார்கள். உங்கள் நண்பரிடம் இருப்பது அதிகபட்சம் 3-ஆம் லெவல் ஸ்லாட் (ஒரு மந்திரம் போடும் வாய்ப்பு), அதுவும் இரண்டு. அதனால் காலை மட்டும் உறைய வையுங்கள், கை அசையட்டும். 60 அடி, ஒரு எதிரி, கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவ். தோற்றால் 4டி10 குளிர் டேமேஜ், அதன் அடுத்த டர்ன் முடியும்வரை வேகம் 0. ஜெயித்தால் பாதி டேமேஜ் மட்டும். அட்டவணையின் 5டி10-இல் ஒரு பகடையைக் கழித்தது கால் உறைவதற்கான விலை. குறுகிய நேரம்தான் என்பதால் கான்சன்ட்ரேஷன் தேவையில்லை.

இத்தோடு இரண்டு வரி சேர்ப்பேன். நெருப்பு டேமேஜ் பட்டால் பனி உருகிவிடும். நனைந்திருக்கும் எதிரிக்கு இந்த சேவில் டிஸ்அட்வான்டேஜ் (பகடையை இரு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). முதல் வரியால் நெருப்பு வீசுபவர் கொஞ்சம் யோசித்து அடிப்பார். இரண்டாவது வரியால் பக்கத்தில் நிற்கும் ஃபைட்டர் தன் தண்ணீர்ப் பையைத் திறந்து எதிரில் நிற்கும் ஓகர் (அரக்கன்) மேல் ஊற்றிவிட்டு விசார்டைத் திரும்பிப் பார்ப்பார். மூன்று செஷனுக்கு இது சோதனைதான், பிறகு மாற்றலாம் என்று நண்பரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டு, கேரக்டர் ஷீட்டில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.