டக்கார் கருத்தரங்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. ஆப்பிரிக்கச் சமூகச் சிக்கல்கள் பற்றி செனகலின் டக்காரில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்குக்கு, ‘ஆப்பிரிக்காவில் பருவநிலை மாற்றமும் மோதலும்’ என்று ஆய்வுச்சுருக்கம் எழுதியிருக்கிறேன். சாட் ஏரி தொண்ணூறு விழுக்காடு வற்றியதுதான் நைஜீரியாவின் போகோ ஹராம் தீவிரவாத அமைப்பின் வன்முறைக்குக் காரணம் என்பது என் வாதம். அனுப்பலாமா? பயணத்துக்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்?

சுமதி

அன்புள்ள சுமதி,

இப்படியே அனுப்பாதீர்கள். முதலில் தலைப்பிலிருந்து ‘ஆப்பிரிக்கா’வை எடுத்துவிடுங்கள். 54 நாடுகளைப் பதினைந்து நிமிடத்தில் பேச முடியாது. சாட் ஏரியைப் பங்கிடும் நைஜீரியா, நைஜர், சாட், கேமரூன் நான்கிலுமே நிலைமை ஒன்றல்ல. நைஜீரியாவின் போர்னோ மாநிலக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தத் தொண்ணூறு விழுக்காடுதான் பெரிய சிக்கல். மழை மிகுந்த 1960களின் தொடக்கத்தில் ஏரி சுமார் 25,000 சதுர கி.மீ. பரந்திருந்தது. 1970கள், 80களின் கடும் வறட்சிகளில் சுருங்கி வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தது. உச்சத்தையும் அடிமட்டத்தையும் ஒப்பிட்டதில் வந்த கணக்கு அது. 1990களுக்குப் பின் நீர் ஓரளவு மீண்டது; செடிகொடி மூடிய நீரைச் செயற்கைக்கோள் படத்தில் கண்டுகொள்வதும் எளிதல்ல. போகோ ஹராம் கிளர்ச்சி வடகிழக்கு நைஜீரியாவில் வெடித்தது 2009இல். ஏரி மிகவும் வற்றியதற்கும் அதற்கும் இடையே கால் நூற்றாண்டு இருக்கிறதே, அதை எப்படி விளக்குவீர்கள்? அரங்கில் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். நீர் வடிந்த ஈர நிலத்தில் மக்காச்சோளமும் தட்டைப்பயறும் விதைத்துப் பிழைப்பவர்களும் அங்கே உண்டு. அவர்களை விட்டுவிட்டு எழுதுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

சுருக்கம் 300 சொல்லுக்குள் இருக்கட்டும்: கேள்வி, களம், தரவு, கண்டறிந்தது. கடைசியை விட்டுவிடுவதால்தான் பல சுருக்கங்கள் தள்ளுபடியாகின்றன. 1973 முதல் டக்காரிலிருந்து இயங்கும் ஆப்பிரிக்கச் சமூக அறிவியல் ஆய்வு மன்றமான கோடெஸ்ரியாவின் (CODESRIA) வெளியீடுகளைப் படியுங்கள். மேற்கோள்களில் ஆப்பிரிக்க ஆய்வாளர்களே இல்லாத கட்டுரையை அங்கே வாசிப்பது முறையல்ல. செனகலின் ஆட்சிமொழி பிரெஞ்சு. ஸ்லைடு தலைப்புகளையாவது பிரெஞ்சிலும் போடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்பட 10 நாட்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் செனகலிலிருந்து திரும்பினால், இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். சான்றிதழ் அட்டையைப் பெட்டியில் போடாமல் பாஸ்போர்ட்டோடு கையில் வைத்திருங்கள்.