குழு கூடும் முன் மூன்று நாள்: ஐரோப்பா போகிறவர்களின் கேள்விகள்

கோடையில் ஐரோப்பா போகிறவர்களின் கடிதங்கள் இம்முறை தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கடற்கரை நெடுகிலும் இருந்து வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். சுற்றுலாக் குழுவோடு சேர்வதற்கு முன் சொந்தமாக இரண்டு மூன்று நாள் எங்காவது போய் வரலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் பிராங்பேர்ட்டில் குழுவோடு சேர வேண்டியவர் அதற்கு முன் ரோமுக்கு ஓடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. குழு கூடும் ஊரிலிருந்து இரண்டு மூன்று மணி நேர ரயில் தூரத்துக்குள் இடம் பாருங்கள். சுற்றுலாப் பட்டியலில் இல்லாத இடமாகவும் இருக்கட்டும்.

எங்களுக்கு இரண்டு விசைப்படகுகள். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் ஓய்வு. மே மாதக் கடைசியில் பிராங்பேர்ட்டில் தொடங்கும் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டோம். முன்னதாக மூன்று நாள் கிடைக்கும். மனைவிக்கு முழங்கால் வலி. எங்கே போகலாம்? (மண்டபம்)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையில் இருக்கும் உங்களுக்கு நல்ல பருவம் வாய்த்திருக்கிறது. மே மாதக் கடைசியில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போங்கள். பிங்கன் தொடங்கி கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர் நீளம் 2002-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இரு கரையிலும் செங்குத்தான திராட்சைத் தோட்டங்கள், மலைக்கு மலை பழைய கோட்டைகள், இரு கரையிலும் ரயில் பாதை. அந்தப் பகுதியில் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம்கூடக் கிடையாது. அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் படகுத்துறைதான். பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

பிராங்பேர்ட் விமான நிலையத்திலேயே ரயிலேறி, மைன்ஸில் மாறி, பாக்கராக் என்ற சிற்றூரில் இறங்குங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கேயே இரண்டு இரவு தங்கலாம். மறுநாள் பயணிகள் படகில் சாங்க்ட் கோவார் வரை ஆற்றோட்டத்தோடு போங்கள். முக்கால் மணி நேரம்தான். திரும்பும்போது ரயில். எதிர் நீரோட்டத்தில் படகு கூடுதல் நேரம் எடுக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வழியில் கவுப் என்ற ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுவில் கப்பல் வடிவத்தில் ஒரு கோட்டை நிற்கும். போகிற வருகிற படகுகளிடம் சுங்கம் வாங்குவதற்காக 14-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதைத் தாண்டினால் லோரலைப் பாறை, 132 மீட்டர் உயரம். ஆறு அங்கே குறுகித் திரும்புகிறது. எத்தனையோ படகுகள் அந்த வளைவில் உடைந்திருக்கின்றன. பாறை மேல் அமர்ந்து பாடி மாலுமிகளை மயக்கும் பெண்ணின் கதையும் அதனால்தான் பிறந்தது. வளைவுக்கு அப்பால் எதிரே கப்பல் வருகிறதா என்று மாலுமிகளுக்குக் காட்ட இன்றும் கரையில் விளக்குச் சைகைகள் உண்டு. பாம்பன் கால்வாயில் கப்பல் கடப்பதைப் பார்த்தவர் நீங்கள். மற்ற பயணிகள் கோட்டையைப் படம் எடுக்கும்போது நீங்கள் அந்த விளக்குகளைக் கவனியுங்கள்.

கோட்டைகளுக்கு ஏற வேண்டாம், முழங்கால் தாங்காது. மூன்றாம் நாள் பிங்கனில் படகேறி அக்கரையில் ரூடஸ்ஹைம் போனால், திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே கம்பி வண்டியில் உட்கார்ந்தபடியே மலையுச்சிக்குப் போகலாம். அங்கிருந்து மாலையில் பிராங்பேர்ட். வந்து இறங்கும் நாள் ஞாயிறு என்றால் கவனம்: ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகளை நம்பித்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. பட்டியலில் 'ரைன் அருவி' என்று இருந்தால் அது சுவிட்சர்லாந்தில் ஷாஃப்ஹவுசனில் இருக்கிறது. ஆறு அதேதான், இடம் வெகு தொலைவு. 'ரைன் படகுப் பயணம்' என்று இருந்தால் மட்டும் நான் சொன்னதை மறுபடி யோசியுங்கள்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் சுற்றுலாவில் பாரிஸில் மூன்று இரவு, சுவிட்சர்லாந்தில் இரண்டு, இத்தாலியில் இரண்டு. நிறுவனம் பிரான்ஸ் விசாவுக்கு விண்ணப்பிக்கிறது. நானும் லாத்தாவும் (அக்காவும்) முன்னதாக சுவிட்சர்லாந்தில் மூன்று இரவு தங்க நினைக்கிறோம். விசாவில் சிக்கல் வருமா? (கீழக்கரை)

வரும். நிறுவனத்திடம் இன்றே சொல்லுங்கள். ஷெங்கன் விசாவை, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து வாங்கும் ஒரே விசாவை, அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் கேட்க வேண்டும் என்பது விதி. நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. உங்கள் கணக்கில் சுவிட்சர்லாந்து ஐந்து இரவாகிவிடுகிறது, பிரான்ஸ் மூன்றுதான். ஆகவே உங்கள் இருவரின் மனு சுவிஸ் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். குழுவின் மனுக்களோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, பிறகு டிக்கெட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொடுத்த விவரம் ஒன்று, பயணம் ஒன்று என்றால் எல்லையில் பதில் சொல்ல நேரிடும்.

மூன்று இரவை ஒரே இரவாகக் குறைத்தால் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து இரண்டும் மூன்று மூன்று. ஆனால் முதலில் நுழைவது சுவிட்சர்லாந்து என்பதால் அப்போதும் சுவிஸ்தான். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள்.

பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், கூடுதல் நாட்களுக்கும் சேர்த்து இருக்க வேண்டும். நிறுவனம் எடுக்கும் பாலிசி பெரும்பாலும் குழுத் தேதிகளுக்கு மட்டுமே. பாஸ்போர்ட், திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே மனு கொடுக்கலாம். நம்மவர்கள் ஏப்ரல் வரை காத்திருந்துவிட்டு, நேர ஒதுக்கீடு கிடைக்கவில்லை என்கிறார்கள்.

நிறுவனம் சென்னை–துபாய்–பாரிஸ் டிக்கெட் போட்டிருக்கிறது. மகன் துபாயில் வேலை பார்க்கிறான். பத்து நாள் முன்பே அவனிடம் போயிருந்து, துபாயிலேயே அந்த விமானத்தில் ஏறிக்கொள்ளலாமா? (தேவிபட்டினம்)

கூடாது. டிக்கெட்டின் முதல் பகுதியில் நீங்கள் ஏறாவிட்டால், மீதிப் பயணம் முழுவதையும், திரும்பி வரும் டிக்கெட் உட்பட, விமான நிறுவனங்கள் ரத்துசெய்துவிடும். குழு டிக்கெட்டில் தேதி மாற்றுவதும் எளிதல்ல. விமானம் நீங்கலான கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, டிக்கெட்டை நீங்களே போடுங்கள். விசா வேலையைச் சென்னையிலேயே முடித்துவிட்டு துபாய் போங்கள். அங்கே விசிட் விசாவில் இருக்கும்போது ஷெங்கன் மனுவைப் பொதுவாக வாங்க மாட்டார்கள்.

மிலானில் குழு கூடுகிறது. சுவிட்சர்லாந்திலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்கு வரும் பெர்னினா ரயிலில் போக ஆசை. கண்ணாடிக் கூரைப் பெட்டிக்கு முன்பதிவுக் கட்டணம் தனியாகக் கேட்கிறார்கள். தகுமா? (ராமேஸ்வரம்)

ரயிலுக்குத் தகும், பெட்டிக்குத் தகாது. அதே தண்டவாளத்தில் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன. முன்பதிவு வேண்டாம், இடையில் இறங்கி ஏறலாம், சில பெட்டிகளில் ஜன்னலையும் திறக்கலாம். கண்ணாடிக் கூரைப் பெட்டியில் உங்கள் முகம்தான் படத்தில் விழும்.

சூரிச்சில் விமானம் இறங்கி, கூர் என்ற ஊரில் ரயிலேறினால், இத்தாலி எல்லையில் இருக்கும் திரானோ நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். 55 சுரங்கங்கள், 196 பாலங்கள். பல்சக்கரம் இல்லாமலே 2,253 மீட்டர் உயரத்துக்கு ஏறி, 429 மீட்டருக்கு இறங்குகிறது. புரூசியோவில், இறங்கும் சரிவைக் குறைப்பதற்காகப் பாலமே வட்டமாகச் சுற்றித் தன் அடியிலேயே நுழைகிறது. நம் புதிய பாம்பன் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளத் துண்டு செங்குத்தாக உயர்கிறது. இங்கே மலைக்காக ரயில் வளைகிறது. திரானோவிலிருந்து கோமோ ஏரிக்கரை வழியாக மிலானுக்கு இரண்டரை மணி நேரம். வந்த வழியே திரும்ப வேண்டாம் என்பதே இந்தத் திட்டத்தின் அழகு.

முந்தைய இரவே மிலானில் இருங்கள். என் முதல் பயணத்தில் குழு கூடும் காலையில் போய்ச் சேர்ந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். இணைப்பு ரயிலைத் தவறவிட்டு, புறப்பட்டுவிட்ட பஸ்ஸை அடுத்த ஊர் வரை துரத்திப் பிடித்தேன். அந்தச் செலவில் இரண்டு இரவு தங்கியிருக்கலாம்.

பைசாவில் சுற்றுலா தொடங்குகிறது. மத்தியதரைக் கடலில் குளிக்க வேண்டும். (தொண்டி)

பைசாவிலிருந்து லா ஸ்பெசியா ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து சிங்க்வே தெர்ரே என்ற ஐந்து கடலோர ஊர்களுக்குச் சிறு ரயில். மணல் கடற்கரை வேண்டுமென்றால் மொன்டெரோஸோ. கொர்னிலியா ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏறச் சுமார் 380 படிகள். மே மாதத்தில் அந்தத் தண்ணீர் நம் உடம்புக்குக் குளிரும். பாறையும் வண்ண வீடுகளும் பார்க்கப் போங்கள், குளியலைத் தொண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகத் தங்கும் நாட்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகலாமா? (ஏர்வாடி)

இறைச்சி, நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள். மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் வேண்டாம். கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பு தேங்காய்ப் பாலில் கிண்டியது என்பதால் தடையில்லை, பெரிய பெட்டியில் வையுங்கள். சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை மீனும் கருவாடும் கொண்டுபோக விதி இடம் கொடுக்கிறது. விடுதி அறையில் வறுக்க மட்டும் வேண்டாம், புகை எச்சரிக்கை மணி அடித்துவிடும்.